திறந்த தரவு: முகம் தெரியாதவருக்காகத் திறந்து வைக்கும் கணக்கேடு

1854 செப்டம்பர் தொடக்கம். லண்டனின் சோஹோ பகுதியில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய், அந்த வாரம் அங்கே காலராவில் இறந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கிடைத்தது. மூன்றே நாட்களில் 83 சாவுகள். பட்டியலில் இருந்த முகவரிகளை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவருக்கு, பெரும்பாலான வீடுகள் பிராட் தெருவின் ஒரு பம்பைச் சுற்றியே இருப்பது தெரிந்தது. செப்டம்பர் 8 அன்று அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

இந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த வில்லியம் ஃபார் பற்றித்தான் அவ்வளவாகப் பேச்சு வருவதில்லை. இங்கிலாந்தின் சாவுக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் அவர். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்பது அவருடைய கட்சி. தாழ்வான இடங்களில்தான் சாவு அதிகம் என்று எண்களோடு எழுதியும் இருந்தார். ஸ்னோவோ, தண்ணீர்தான் காரணம் என்றவர். ஆக, ஃபாரின் அலுவலகம் திரட்டிய கணக்கே ஃபாரின் கருத்தைக் கவிழ்க்க உதவியது. 1866இல் மறுபடியும் காலரா வந்தபோது ஃபாரே தண்ணீர்க் கட்சிக்கு மாறிவிட்டார்.

‘திறந்த தரவு’ என்ற சொல் அப்போது கிடையாது. ஆனால் அதில் சொல்ல வேண்டியதெல்லாம் இந்தக் கதையிலேயே இருக்கிறது. கணக்கெடுத்தவர் நினைத்தே பார்க்காத ஒருவர், அவர் நினைத்தே பார்க்காத கேள்வியோடு வந்து, அதே கணக்கை எடுத்துப் பயன்படுத்துகிறார். அந்த முகம் தெரியாத ஆளை இந்தக் கட்டுரையில் அடிக்கடி கூப்பிடப்போகிறேன்.

எது திறந்தது?

மழை அளவு, பேருந்து புறப்படும் நேரம், ஒரு துறை செலவழித்த தொகை, ஆய்வகத்தில் அளந்த வெப்பநிலை, செயற்கைக்கோள் எடுத்த படம், இவை எல்லாமே தரவுதான். இவற்றை யார் வேண்டுமானாலும், எந்த நோக்கத்துக்காகவும் எடுக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றால் அது திறந்த தரவு. 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன் நாலெட்ஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வகுத்த வரையறையின் சாரம் இது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், நீங்களும் இதே போலத் திறந்தே பகிருங்கள் என்ற அளவில் நிபந்தனை போடலாம். அதற்கு மேல் கூடாது.

‘எந்த நோக்கத்துக்காகவும்’ என்பதில்தான் பலருக்கு உறுத்தும். பொதுப் பணத்தில் திரட்டியதை ஒரு கம்பெனி எடுத்துக் காசு பார்க்கலாமா? பார்க்கலாம் என்றுதான் வரையறை சொல்கிறது. எனக்கும் முதலில் இது ஒப்பவில்லை. ஆனால் வானிலைத் தரவை எடுத்து விவசாயிகளுக்குச் செயலி செய்கிறவர் கட்டணம் வாங்கினாலும், அடுத்தவர் அதே தரவை எடுத்து இலவசமாகத் தருவதை அவரால் தடுக்க முடியாது. பாத்திரத்திலிருந்து ஒருவர் மொண்டு குடிப்பதால் தண்ணீர் குறைகிற கதை தரவுக்குப் பொருந்தாது.

தகவல் அறியும் உரிமையும் இதுவும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. உறவு உண்டு, ஒன்று இல்லை. அங்கே மனு போட்டுக் கேட்டால்தான் வரும். கேட்டவருக்கு மட்டும் வரும். இங்கே யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாருக்குமாக வெளியே வைத்துவிடுகிறார்கள். கேட்கத் தெரிந்தவர்தான் மனு போடுவார். முகம் தெரியாத நம் ஆளுக்கோ, அப்படி ஒரு தரவு இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

இணையத்தில் போட்டுவிட்டால் போதுமா?

போதாது. ஒரு முறை ஒரு துறையின் ஆண்டறிக்கையிலிருந்து ஒரு அட்டவணை எனக்குத் தேவைப்பட்டது. இணையதளத்தில் இருந்தது. பி.டி.எஃப். கோப்பு, அதுவும் அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்தது, கொஞ்சம் சாய்வாக. எண்களைக் கையால் தட்டச்சு செய்து முடிக்க இரண்டு இரவுகள் ஆயின. அதில் எத்தனை எண்களைத் தப்பாக அடித்தேனோ, இன்றும் தெரியாது. அந்தத் துறையைக் கேட்டால் ‘வெளியிட்டுவிட்டோமே’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய்யும் இல்லை. பார்க்க முடிந்தது, எடுத்தாளத்தான் முடியவில்லை.

வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதற்காகவே 2010இல் ஒரு நட்சத்திரக் கணக்கு சொன்னார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவில் போட்டாலும், பி.டி.எஃப். ஆனாலும், ஒரு நட்சத்திரம். கணினி வாசிக்கிற மாதிரி அட்டவணையாக, எக்செல் கோப்பாகப் போட்டால் இரண்டு. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிருக்காத வடிவில், உதாரணமாக சி.எஸ்.வி. கோப்பாகப் போட்டால் மூன்று. நான்காவதும் ஐந்தாவதும், தரவின் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இணைய முகவரி கொடுத்து மற்றவர் தரவோடு இணைப்பது. தொடங்குகிறவர்கள் மூன்றை எட்டினாலே பெரிய காரியம்.

சி.எஸ்.வி. என்பது ஒன்றுமில்லை, காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும். 30 ஆண்டு கழித்தும் திறக்கும். கோப்பு வடிவம் சில்லறை விஷயம் என்று தோன்றினால் இதைக் கேளுங்கள். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. வந்த விவரங்களைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் கழன்றுவிட்டன. அந்தத் தொற்றாளர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் தள்ளிப்போனது.

அறிவியலாளர்களும் எக்செலிடம் மாட்டியிருக்கிறார்கள். மனித மரபணு ஒன்றுக்குச் சுருக்கப் பெயர் ‘மார்ச்1’. எக்செலில் இட்டதும் அது மார்ச் முதல் தேதி ஆகிவிடும். ‘செப்ட்1’ செப்டம்பர் ஆகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செலாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே பணிந்துபோய், 2020இல் அந்த மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாறிய கதை இது.

கோப்பு சரியாக இருந்தாலும் இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு, உரிமம். ‘பதிவிறக்கு’ என்ற பொத்தான் இருக்கிறது, கீழே ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்றும் இருக்கிறது. எதை நம்புவது? ஒன்றுமே எழுதாமல் விட்டாலும் அனுமதி என்று ஆகிவிடாது. பல நாடுகளின் சட்டப்படி, பேசாமல் இருந்தால் உரிமை உடையவரிடமே இருக்கிறது என்று அர்த்தம். பயந்தவர் தொடமாட்டார். அதனால்தான் ஆயத்த உரிமங்கள் வந்தன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘சிசி பை’ என்பது, பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள் என்பது. ‘சிசி ஜீரோ’ அதையும் கேட்காது. ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற வகை உரிமம் தாராளமாகத் தெரிந்தாலும், மேலே சொன்ன வரையறைப்படி அது திறந்த உரிமம் ஆகாது.

மூன்றாவது பூட்டை வைப்பவருக்கே அது பூட்டு என்று தெரியாது. கோப்பைத் திறக்கிறோம். தலைப்பில் ‘வி2’ என்று ஒரு நெடுவரிசை. அதில் 31.4, 30.9, அப்புறம் -999. வெப்பநிலையா? செல்சியஸா? காலையா, மாலையா? -999 என்பது கருவி வேலை செய்யாத நாளைக் குறிக்கும் அடையாளம். அது எழுதியவருக்குத் தெரியும். நம் முகம் தெரியாத ஆள் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், அந்த ஊர் உறைந்து கிடக்கும். இந்த விளக்கங்களைத்தான் மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய தரவு என்கிறோம். யார், எப்போது, எந்தக் கருவியால், எந்த அலகில் அளந்தார்கள், காலி இடத்துக்கு என்ன பொருள், கடைசியாக எப்போது திருத்தினார்கள். எழுத அலுப்பான வேலைதான். இது இல்லாத தரவைவிட, தரவே இல்லாதது மேல் என்பேன்.

எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் இன்னும் சுகம். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட், கூகுளோடு சேர்ந்து பேருந்து நேர அட்டவணைக்கு ஒரு எளிய வடிவம் வகுத்தது. நிறுத்தங்களுக்கு ஒரு எழுத்துக் கோப்பு, வழித்தடங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று, எல்லாம் சேர்த்து ஒரு ஜிப். ஜி.டி.எஃப்.எஸ். என்று பெயர். இன்று உலகெங்கும் போக்குவரத்து அமைப்புகள் இதே வடிவில் அட்டவணையை வெளியிடுகின்றன. ஒரு நகரத்துக்காக எழுதிய செயலி இன்னொரு நகரத்திலும் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

அரசு ஏன் திறக்க வேண்டும்?

வழக்கமாக மூன்று பதில் சொல்வார்கள்: மக்கள் பணத்தில் திரட்டியது மக்களுக்கு, வெளிப்படைத்தன்மை, புதிய தொழில்கள். மூன்றும் சரிதான். ஆனால் லேண்ட்சாட் கதை இவற்றைவிட நன்றாகப் புரியவைக்கும்.

லேண்ட்சாட் என்பது 1972 முதல் பூமியைப் படமெடுத்து வரும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை. 1980களில் படங்களை விற்கும் பொறுப்பு தனியார் கைக்குப் போனது. ஒரு படம் ஆயிரக்கணக்கான டாலர் ஆயிற்று. பிறகு அரசின் கைக்குத் திரும்பி, லேண்ட்சாட் 7 படம் ஒன்று 600 டாலருக்கு வந்தது. விற்பனை உச்சத்தில் இருந்த 2001இல் போனவை ஏறத்தாழ 25,000 படங்கள். 2008இல் ‘இனி இலவசம்’ என்று அறிவித்தார்கள். 2009இல் பதிவிறக்கம் 10 லட்சத்தைத் தாண்டியது.

எண்ணிக்கை கூடியது பெரிதில்லை. இலவசம் என்றால் கூட்டம் வரத்தானே செய்யும்? கேட்கும் கேள்வியே மாறியதுதான் பெரிது. படத்துக்குக் காசு என்றால் ஆராய்ச்சியாளர் தன் காட்டின் இரண்டு படம் வாங்கி ஒப்பிடுவார். இலவசம் என்றானதும், மேரிலண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று உலகத்தின் எல்லாக் காடுகளையும் பார்த்துவிடலாம் என்று இறங்கியது. 2013இல் அவர்கள் வெளியிட்ட உலகக் காட்டு மாற்ற வரைபடத்துக்கு 6,54,178 படங்களை அலசியிருந்தார்கள். பழைய விலையில் கணக்குப் போட்டால் 39 கோடி டாலருக்கு மேல். எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? விலை இருந்தவரை அந்த ஆய்வு நடக்கவில்லை என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. நடக்காத ஆய்வு எந்தக் கணக்கிலும் வராதே.

அரசுக் கொள்கைகளின் வரலாற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோலில் சுமார் 30 பேர் கூடி, அரசுத் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று எட்டுக் கொள்கைகளை எழுதினார்கள்: முழுமையாக, மூல வடிவில், காலத்தோடு, கணினி வாசிக்கும்படி என்று போகும் அது. 2009 மே மாதம் அமெரிக்க அரசு டேட்டா.கவ் தளத்தை 47 தரவுத் தொகுப்புகளோடு தொடங்கியது. 2010இல் பிரிட்டன், 2012இல் இந்தியா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003இல் வந்த விதி, 2019இல் திறந்த தரவு ஆணையாக வலுப்பெற்றது. அதே 2019இல் அமெரிக்காவில், அரசுத் தரவு இயல்பிலேயே திறந்திருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. முன்பெல்லாம் ‘ஏன் திறக்க வேண்டும்’ என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது ‘ஏன் மூட வேண்டும்’ என்பதற்குச் சொல்ல வேண்டும். காகிதத்தில் இது பெரிய மாற்றம். நடைமுறையில், தொடக்க விழா நடத்திய தளத்தில் மூன்று ஆண்டு பழைய கோப்புகள் தூங்குவதும் எல்லா நாட்டிலும் உண்டு. பிரிட்டன் 2013இல் தன் தபால் துறையைத் தனியாருக்கு விற்றபோது நாட்டின் அஞ்சல் முகவரித் தரவையும் சேர்த்தே கொடுத்துவிட்டு, அப்புறம் வருந்தியது.

அதிகாரிகள் தயங்குவதற்குச் சொல்லும் காரணங்களில் எனக்கு நேர்மையாகப் படுவது ஒன்றுதான்: ‘தரவில் பிழை இருக்கிறது, வெளியே விட்டால் மானம் போகும்.’ பிழை இருக்கத்தான் இருக்கும். உள்ளே வைத்திருந்தால் அதே பிழையை நம்பித்தான் துறையும் முடிவெடுத்துக்கொண்டிருக்கும். வெளியே வந்தால் யாராவது ஒருவர் ‘இந்தக் கிராமத்தின் மக்கள்தொகை எதிர்மறை எண்ணாக இருக்கிறதே’ என்று எழுதுவார். அதற்குப் பதில் எழுத ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்களா என்பதைப் பார்த்தே ஒரு தளம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

ஆய்வாளர்களின் அலமாரி

அறிவியலில் சிக்கல் வேறு மாதிரி. தரவு பல ஆண்டு உழைப்பு. அதை வைத்து இன்னும் நான்கு கட்டுரை எழுதலாம் என்று திரட்டியவர் நினைப்பார். அதற்குள் வேறொருவர் எழுதிவிட்டால்? பதவி உயர்வு கட்டுரைகளுக்குத்தானே, கோப்புகளுக்கு இல்லையே. இந்தப் பயத்தைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு நடுவழியாகப் பலர் எழுதும் வாக்கியம், ‘தகுந்த காரணத்தோடு கேட்டால் தரவு வழங்கப்படும்.’ 2022இல் வெளியான ஓர் ஆய்வில், தரத் தயார் என்று கட்டுரையில் எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் உண்மையாகவே கேட்டுப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் 122 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் பதிலே போடவில்லை. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மாணவர் படிப்பை முடித்துப் போயிருப்பார், மடிக்கணினி கெட்டிருக்கும், மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கும். 516 கட்டுரைகளைப் பின்தொடர்ந்த 2014ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு, தரவு கைவசம் இருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 சதவீதம் வீதம் சரிந்துகொண்டே போவதைக் கண்டது. அலமாரியில் பூட்டி வைத்தாலும் தரவு கரையும்.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013இல் நடந்தது ஒன்று. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பெரிய பொருளியலாளர்கள், நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடுகிறது என்று 2010இல் எழுதியிருந்தார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க இதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட முயன்றார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டார், அவர்கள் எக்செல் கோப்பைக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவை விட்டதிலும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்திலும்கூட அவருக்குக் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் இல்லை, 2.2 சதவீதம் என்று வந்தது. ஆசிரியர்கள் கோப்பைக் கொடுத்தார்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. கொடுக்காமலே இருந்திருந்தால் அந்தச் சூத்திரம் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

சில துறைகள் இதை வழக்கமாகவே ஆக்கிக்கொண்டன. 1996இல் பெர்முடாவில் கூடிய மரபணு ஆய்வாளர்கள், மனித மரபணு வரிசையைக் கண்டறிந்த 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். புரதங்களின் வடிவங்களைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. புரத வடிவம் பற்றிக் கட்டுரை எழுதினால் அங்கே தரவைச் செலுத்தியாக வேண்டும் என்று ஆய்விதழ்கள் பிற்பாடு கட்டாயமாக்கின. ஐம்பது ஆண்டுகளில் சேர்ந்த சுமார் 1,70,000 வடிவங்களை வைத்துத்தான் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு, புரதத்தின் வடிவத்தை ஊகிக்கக் கற்றது. அதற்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 1971இல் அந்த ஏழு கோப்புகளை வைத்தவர்களின் கற்பனையில் இது இருந்திருக்க வழியே இல்லை.

இப்போது நிதி தருபவர்களே விதி போடுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், 2023 ஜனவரி முதல், நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போதே தரவை எப்படிக் காப்போம், எங்கே பகிர்வோம் என்ற திட்டத்தையும் கேட்கின்றன. எங்கே வைப்பது என்றால், செனோடோ போன்ற களஞ்சியங்கள் இருக்கின்றன. செனோடோ, ஐரோப்பாவின் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்துவது, கட்டணம் இல்லை. அங்கே வைத்தால் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். கட்டுரையைப் போலவே கோப்பையும் மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். உழைத்தவருக்குப் பெயர் வரவில்லையே என்ற குறைக்கு இது பாதி மருந்து.

அதே ஆள், கெட்ட எண்ணத்தோடு

முகம் தெரியாதவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று யார் சொன்னது?

1990களில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்கள், பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வுக்காகத் தரப்பட்டன. லதன்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டிலும் பொதுவாக இருந்தவை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு. மாநில ஆளுநரின் பிறந்த தேதி அவர் வாழ்ந்த நகரில் ஆறு பேருக்கு இருந்தது. அவர்களில் மூவர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் கோப்பு கைக்கு வந்துவிட்டது. இந்த மூன்றே விவரங்களால் அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் பின்னர் கணக்கிட்டார். பெயரை அழித்துவிட்டோம் என்ற சமாதானம் அன்றோடு போயிற்று.

2014இல் நியூயார்க் நகரின் 17.3 கோடி டாக்சிப் பயணங்களின் விவரம் வெளியானது. வண்டி எண்களைக் குறியீடாக மாற்றியிருந்தார்கள். ஆனால் வண்டி எண்ணின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்தது. சாத்தியமான எண்கள் சில கோடிதான். எல்லாவற்றையும் குறியீடாக்கி ஒப்பிட்டுப் பார்த்த ஒரு மென்பொருளாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட்டார். ஓட்டுநர் ஒவ்வொருவரும் எங்கே போனார், எவ்வளவு சம்பாதித்தார் என்று தெரிந்துபோயிற்று.

அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திறக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டம் இதை ‘முடிந்தவரை திறந்து, தேவையான அளவு மூடி’ என்று சொல்கிறது. யு.கே. பயோபேங்க் 5 லட்சம் பேரின் உடல்நல விவரங்களை வைத்திருக்கிறது. உலகின் எந்த ஆய்வாளரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். அரிய உயிரினங்களின் இருப்பிடத்தை உயிரியல் தளங்கள் வேண்டுமென்றே மங்கலாக்கிக் காட்டுகின்றன, வேட்டைக்காரரும் படிப்பார் என்பதால். பழங்குடி மக்களைப் பற்றிய தரவில், அதன் மேல் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கே வேண்டும் என்று 2019இல் ‘கேர்’ கொள்கைகள் வந்தன. 2016இல் வந்த ‘ஃபேர்’ கொள்கைகள், தரவு தேடினால் கிடைக்க வேண்டும், அணுகும் வழி தெரிய வேண்டும், பிற தரவோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்று கேட்கின்றன. கவனித்தால், அவற்றில் ‘எல்லாருக்கும் திறந்தது’ என்ற சொல் இல்லை. பூட்டிய அறையில் இருக்கும் தரவும் இந்த நான்கையும் நிறைவேற்றலாம், சாவி யாரிடம் என்று வாசலில் எழுதியிருந்தால்.

சரி, உங்களிடமே வெளியிட ஒரு தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்களைப் பற்றிய விவரம் இருந்தால், வேறு எந்தப் பட்டியலோடு சேர்த்தால் பெயர் வெளிப்படும் என்று முதலில் உட்கார்ந்து யோசியுங்கள். அப்படி விவரம் எதுவும் இல்லையென்றால் சி.எஸ்.வி. ஆக்கி, ஒரு உரிமத்தைப் பெயர் சொல்லி எழுதி, ஒரு விளக்கக் கோப்பையும் சேர்த்துக் களஞ்சியத்தில் வையுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: வேலையோடு சம்பந்தமே இல்லாத நண்பர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, ஒரே ஒரு சராசரியைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் விளக்கக் கோப்பில் ஒரு வரி குறைகிறது.